கடத்தல் விமானியின் பகைவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்வெளிக் கதை எழுதுபவர்களும், நண்பர்களோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை விளையாடுபவர்களும் என்னிடம் அதிகம் கேட்பது வில்லன்களைப் பற்றித்தான். சட்டத்துக்கு வெளியே சரக்கு ஓட்டும் விமானி ஒருவனை உருவாக்குவது சுலபம். ஒரு பழைய கலம், கொஞ்சம் கடன், கொஞ்சம் திமிர் இருந்தால் ஆள் தயார். அவனை யார் துரத்துகிறார்கள், எதற்காகத் துரத்துகிறார்கள் என்று வரும்போதுதான் பேனா நின்றுவிடுகிறது. பல வருடங்களாக இந்த வகைக் கதைகளோடு வாழ்கிறவன் என்ற முறையில், திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஸ்பேஸ் ஓபரா என்கிறார்களே, அது என்ன? அதில் கடத்தல்காரனுக்கு ஏன் இவ்வளவு இடம்?

1941-ல் வில்சன் டக்கர் என்ற அமெரிக்க எழுத்தாளர் கிளப்பிவிட்ட பெயர் இது. பாராட்டிச் சொன்னதில்லை. வானொலியில் ஓடிய அழுகைத் தொடர்களை 'சோப் ஓபரா' என்றும், குதிரையும் துப்பாக்கியுமாக வந்த மலிவான படங்களை 'ஹார்ஸ் ஓபரா' என்றும் அப்போது சொல்வார்கள். அதே பாணியில், அரைத்த மாவையே அரைக்கும் ராக்கெட் கதைகளுக்கு அவர் வைத்த வசைப்பெயர் அது. பிறகு அந்த வசையே ஒரு வகைக்குப் பெயராக நிலைத்தது. பெரிய பேரரசுகள், நூற்றுக்கணக்கான உலகங்கள், போர், காதல், துரோகம் எல்லாம் விரிந்த திரையில் நடக்கும் கதைகளை இன்று அப்படிச் சொல்கிறோம்.

கடத்தல்காரனுக்கு அதில் இடம் கிடைத்ததற்குக் காரணம், அந்த உலகத்தின் எல்லா மட்டத்துக்கும் போய்வரக்கூடிய ஆள் அவன் ஒருவன்தான். தளபதிக்குத் துறைமுகத்தின் பின்வாசல் தெரியாது. சுரங்கத் தொழிலாளி அரண்மனைக்குள் நுழைய முடியாது. சரக்கு ஓட்டுகிறவன் இரண்டு பக்கமும் கதவைத் தட்டுவான். அதனால் பகையும் அவனுக்கு எல்லா மட்டத்திலிருந்தும் வரும்.

எதிரிகளில் எத்தனை வகை?

இப்படிப் பட்டியல் போட்டுத் தொடங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒரு நடை சரக்கை மனதில் ஓட்டிப் பாருங்கள். சரக்கைத் தருபவர் யார்? கலத்துக்குக் கடன் கொடுத்தவர் யார்? எரிபொருள் யாரிடம்? வழியில் காத்திருப்பது யார்? சரக்கை வாங்கிக்கொள்பவர் யார்? அந்தச் சரக்கு போய்ச் சேரவே கூடாது என்று நினைப்பவர் யார்? இத்தனை பேரும் ஒரு தப்பு நடந்தால் பகையாகக் கூடியவர்கள்.

நான் உறுதியாக நம்புவது இதைத்தான்: கடத்தல் விமானியின் பகைவர்கள் அவனுடைய தொழிலிலிருந்தே பிறக்க வேண்டும். எங்கிருந்தோ வந்து குதிக்கும் கருப்பு அங்கிக்காரனை எந்தக் கதையிலும் வைக்கலாம், போர்வீரன் கதையிலும் வைக்கலாம். இந்தக் கதைக்கே உரிய எதிரி என்றால் அவனுக்கும் விமானிக்கும் நடுவே ஒரு சரக்கோ, ஒரு கணக்கோ, ஒரு வழித்தடமோ இருக்கும்.

சிறந்த எதிரி யார் என்று ஒருவரைத்தான் சொல்ல வேண்டுமென்றால்?

கடன் கொடுத்தவர். யோசிக்கவே வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணத்தையே எடுக்கிறேன். 1977-ல் வந்த ஸ்டார் வார்ஸ் முதல் படத்தில் ஹான் சோலோ நல்லது செய்யக் கிளம்பவில்லை, கடனை அடைக்கக் கிளம்புகிறான். பேரரசின் ரோந்துக் கலத்தைக் கண்டதும் சரக்கை விண்வெளியில் கொட்டிவிட்டான். சரக்குக்குச் சொந்தக்காரன் ஜப்பா. போன சரக்குக்குப் பணம் வர வேண்டும், இல்லாவிட்டால் உயிர். மதுக்கடை மேசையில் துப்பாக்கியோடு வந்து உட்காரும் கிரீடோ வெறும் ஏவலாள். ஜப்பாவுக்காகப் பிறகு வரும் போபா ஃபெட்டும் கூலிக்கு வந்தவன்தான். ஆனால் அந்த ஒரு கணக்கு 1983-ல் வந்த மூன்றாவது படம் வரை தீரவில்லை. ஒரு பேரரசையே எதிர்த்து நிற்பவனால், கடனைக் கேட்டு நிற்கும் ஒருவரிடமிருந்து தப்ப முடியவில்லை.

கடன் கொடுத்த இந்தக் கடன்காரரிடம் எனக்குப் பிடித்தது, அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருப்பது. பணம் கொடுத்தார், சரக்கு வரவில்லை. அவர் முகத்தைக் கொடூரமாக்க வேண்டியதில்லை. நல்ல உடையோடு, சாந்தமாக, வட்டி விகிதத்தை மட்டும் ஞாபகப்படுத்தினால் போதும். இன்னொன்றும் உண்டு. அவருக்கு விமானி உயிரோடு வேண்டும். செத்தவன் தவணை கட்ட மாட்டான். அதனால் அவர் கொல்வதில்லை, கலத்தின் ஆவணங்களைப் பிடித்து வைப்பார், பணியாளர் ஒருவரைப் 'பாதுகாப்பாக' வைத்துக்கொள்வார், யாரும் தொடாத சரக்கை 'இதை மட்டும் செய்துவிடு' என்று தருவார். ஒவ்வொன்றும் ஒரு கதை.

போட்டியாளருக்கும் எதிரிக்கும் என்ன வித்தியாசம்?

எதிரிக்கு உங்கள் விமானி தோற்க வேண்டும். போட்டியாளருக்குத் தான் ஜெயித்தால் போதும். இரண்டும் ஒன்றல்ல என்று உணர்ந்தவர்கள் எழுதும் போட்டியாளர்கள் நெஞ்சில் நிற்பார்கள்.

போட்டியாளர் அதே தொழிலில் இருக்கும் இன்னொரு விமானி. பாம்பின் கால் பாம்பறியும் என்பது இங்கே அப்படியே பொருந்தும். சுங்கக்காரர்களுக்குத் தெரியாத ரகசிய அறை அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அவள் கலத்திலும் அதே இடத்தில் ஒன்று இருக்கிறது. எந்தத் தரகர் எடையில் ஏமாற்றுவார், எந்தக் குறுங்கோள் கூட்டத்துக்குள் புகுந்து வரலாம் என்று இருவருக்கும் தெரியும். ஒரே சரக்குக்கு இருவரும் விலை பேசும்போது, வெளியார் யாருக்கும் புரியாத ஒரு உரையாடல் அவர்களுக்குள் நடக்கும். அதை எழுதத் தெரிந்தால் சண்டைக்காட்சியே தேவையில்லை.

ஒரு யோசனை: போட்டியாளருக்கு உங்கள் விமானியிடம் இல்லாத ஒரு ஒழுக்கத்தைக் கொடுங்கள். அவள் ஆயுதம் ஏற்ற மாட்டாள். அல்லது வாக்குக் கொடுத்த நாளில் போய்ச் சேருவாள், கலம் எரிந்தாலும் சரி. அப்போது உங்கள் விமானி அவளைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் தன்னையும் பார்த்தாக வேண்டும்.

இரண்டு கலங்கள் போட்டி போட்டு ஓடும் காட்சியை எப்படி நம்பும்படி எழுதுவது?

சாலையில் கார் ஓட்டுவதுபோல் எழுதாதீர்கள். கோள் ஒன்றைச் சுற்றும்போது, முன்னால் போகிறவரைப் பிடிக்க இஞ்சினை அழுத்தினால் பின்தங்கிவிடுவீர்கள். வேகம் கூடினால் சுற்றுப்பாதை உயரும். உயர்ந்த பாதை நீளமானது, அதில் போகும் வேகமும் குறைவு. முன்னால் போகிறவரைப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் வேகத்தைக் குறைத்து, கீழே இறங்கி, உள்வட்டத்தில் ஓடி, பிறகு மேலே ஏற வேண்டும்.

இதை மனிதர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1965 ஜூனில் ஜெமினி 4 என்ற அமெரிக்க விண்கலத்தில் போன ஜேம்ஸ் மெக்டிவிட், தன் ராக்கெட்டின் கழன்றுபோன மேல்பகுதியை நெருங்கப் பார்த்தார். குறிபார்த்து அதை நோக்கி உந்தினார். அது விலகிக்கொண்டே போனது, எரிபொருள் கரைந்ததுதான் மிச்சம். அதே ஆண்டு டிசம்பரில்தான் ஜெமினி 6ஏ, ஜெமினி 7 இரண்டும் முறையாகச் சந்தித்தன. உங்கள் கதையில் புதுப் பையன் நேராகத் துரத்திக் கோட்டைவிடட்டும். அனுபவசாலிப் போட்டியாளர் பிரேக் போட்டுக் கீழே இறங்கட்டும். யார் கெட்டிக்காரர் என்று ஒரு வரி வசனம் இல்லாமலே வாசகருக்குப் புரிந்துவிடும்.

ரோந்துக் கலங்களிடமிருந்து விண்வெளியில் ஒளிந்துகொள்ள முடியுமா?

நிஜ இயற்பியலில் மிகவும் கடினம். வெளியே பின்னணி வெப்பநிலை சுமார் மைனஸ் 270 டிகிரி செல்சியஸ். உள்ளே மனிதர் வாழ 20 டிகிரியாவது வேண்டும். அந்தக் குளிரில் உங்கள் கலம் அகச்சிவப்பில் விளக்குப்போல் எரியும், இஞ்சின் போட்டால் கேட்கவே வேண்டாம். மறைய அங்கே அடிவானமும் இல்லை. வாயேஜர் 1 விண்கலம் சுமார் 20 வாட் சக்தியில் அனுப்பும் சமிக்ஞையை 2,300 கோடி கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவிலிருந்து பூமியில் பிடிக்கிறார்கள். ஆன்டெனா பூமியை நோக்கியிருக்கிறது, எங்கே தேட வேண்டும் என்றும் தெரியும், உண்மைதான். இருந்தாலும் 'இருட்டில் பதுங்கினான்' என்று ஒரே வரியில் முடிக்கும் முன் இதை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

அப்படியானால் கடத்தல் எப்படி நடக்கும்? கலத்தை ஒளிக்க முடியாதபோது நோக்கத்தை ஒளிக்கிறார்கள். எல்லோர் கண்ணிலும் பட்டு, முறையான சரக்குச் சீட்டோடு, தானியம் ஏற்றிய கலமாகப் போகிறார்கள். தானியத்துக்குள் என்ன என்பதுதான் கேள்வி. இது காட்சிக்கும் நல்லது. ஒளிந்திருப்பவனைவிட, அதிகாரியின் முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டு நிற்பவனைப் பார்க்கும்போதுதான் நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

அப்படியென்றால் ரோந்து அதிகாரியின் ஆயுதம் எது?

பொறுமையும் கணக்கும். சரக்கு ஏறினால் எடை ஏறும். எடை ஏறினால் அதே எரிபொருளில் கிடைக்கும் வேகமாற்றம் குறையும். ரஷ்ய விஞ்ஞானி சியோல்கோவ்ஸ்கி 1903-ல் வெளியிட்ட ராக்கெட் சமன்பாடு இதைத்தான் சொல்கிறது. அதனால் அதிகாரி துரத்த வேண்டியதே இல்லை. நீங்கள் கிளம்பும்போது இஞ்சின் எவ்வளவு நேரம் எரிந்தது என்று பார்த்தாலே, சீட்டில் எழுதியதைவிடக் கலம் கனமாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எங்கே வேகம் குறைத்தே ஆக வேண்டும் என்பதும் தெரியும். அங்கே போய்க் காத்திருப்பார்.

தகவல் போகும் நேரத்தையும் மறக்காதீர்கள். பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒளி போய்ச்சேரவே சுமார் 3 முதல் 22 நிமிடம் ஆகிறது. 'இந்தக் கலத்தைச் சோதிக்கலாமா?' என்று தலைமையகத்தைக் கேட்டுப் பதில் வாங்குவதற்குள் கலம் போய்விடும். ஆகவே எல்லையில் இருக்கும் அதிகாரி தானாக முடிவெடுக்கிறவராக இருப்பார். அந்தத் தனிமைதான் அவரை நல்ல கதாபாத்திரம் ஆக்குகிறது. லஞ்சம் வாங்குவாரா, விட்டுவிடுவாரா, சுடுவாரா, எல்லாம் அவர் தலையில்.

எல்லையைத் தாண்டிவிட்டால் தப்பித்துவிடலாமா?

நிஜக் கடல் சட்டத்தில் இதற்கு அழகான ஒரு விதி இருக்கிறது. 1982-ல் உருவான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி, ஒரு நாடு தன் எல்லைக்குள் குற்றம் செய்த கப்பலைப் பொதுக்கடலுக்குள்ளும் துரத்தலாம். துரத்தல் இடையில் அறுபடக் கூடாது. அந்தக் கப்பல் தன் நாட்டுக் கடல் எல்லைக்குள்ளோ வேறொரு நாட்டின் எல்லைக்குள்ளோ நுழைந்துவிட்டால் துரத்தும் உரிமை முடிந்தது. இதை அப்படியே விண்வெளிக்கு மாற்றுங்கள். ஒரு நிமிடம் ரேடாரிலிருந்து மறைந்தால் போதும், சட்டப்படி துரத்தல் அறுந்தது. அடுத்த அரசின் எல்லைக்கு இன்னும் நாலு நிமிடம். விதியை மதிக்கும் அதிகாரி அங்கே நின்றுவிடுவார், மதிக்காதவர் நிற்க மாட்டார். யாரை எழுதப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கதையே மாறும்.

விண்வெளிக்கென்றே 1967-ல் ஒரு ஒப்பந்தம் வந்தது. விண்ணில் ஏவிய பொருள் எந்த நாட்டின் பதிவேட்டில் இருக்கிறதோ, அதன்மேல் அந்த நாட்டுக்கே அதிகாரம் என்கிறது அது. போலிப் பதிவு வைத்திருக்கும் விமானிக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று நினைத்துப் பாருங்கள். யாருடைய பதிவும் இல்லாத கலத்துக்காக எந்த அரசும் வாதாடாது.

அடையாள சமிக்ஞையை அணைத்துவிட்டால்?

அணைத்ததே சந்தேகத்தைக் கிளப்பும். கடலிலும் இதே கதைதான். 300 டன் கொள்ளளவும் அதற்கு மேலும் உள்ள, பன்னாட்டுப் பயணம் போகும் கப்பல்கள் தானியங்கி அடையாளக் கருவி வைத்திருக்க வேண்டும் என்பது 2004 இறுதிக்குள் முழுமையாக அமலுக்கு வந்தது. அதை அணைத்துவிட்டு ஓடும் கப்பல்களைத்தான் இன்று முதலில் தேடுகிறார்கள். கெட்டிக்காரக் கடத்தல்காரர் அணைக்க மாட்டார், வேறொரு கலத்தின் அடையாளத்தைப் போட்டுக்கொள்வார். அந்த வேறொரு கலத்தின் சொந்தக்காரர் கிளம்பி வந்தால் புதிதாக ஒரு பகை.

தலைக்கு விலை வைத்து வேட்டையாடுபவர்கள்?

பார்க்க அழகாக இருப்பார்கள், ஆனால் எழுதுவோர் இவர்களை அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறார்கள். வேட்டைக்காரனுக்கு விமானிமேல் சொந்தக் கோபம் எதுவும் கிடையாது, பணம் மட்டும்தான் குறி. கூடுதல் விலை கொடுத்தால் திரும்பிப் போகிறவனிடம் எனக்குப் பயம் வருவதில்லை. ஒரே ஒரு வேட்டைக்காரன், அவனும் ஒரே ஒரு தடவை வரட்டும், அவ்வளவு போதும். அடிக்கடி வந்து தோற்றுப்போனால் பயமே போய்விடும்.

விண்வெளிக் கொள்ளையரும் கடத்தல்காரரும் ஒரே கூட்டம்தானே?

இல்லை. கடத்தல்காரர் இருப்பது வியாபாரம் நடந்தால்தான். கொள்ளையர் வந்தால் அந்த வழித்தடமே செத்துவிடும், காப்பீடும் ரோந்தும் ஏறும். கொள்ளையர்களை அரசாங்கத்தைவிட அதிகம் வெறுப்பவர் கடத்தல்காரராகத்தான் இருப்பார்.

இருந்தாலும் கோடு மெல்லியது. கேப்டன் வில்லியம் கிட் 1696-ல் கொள்ளையரைப் பிடிக்க இங்கிலாந்து அரசாங்க அனுமதிப் பத்திரத்தோடு கடலேறினார். 1701-ல் அவரையே கொள்ளையன் என்று லண்டனில் தூக்கில் போட்டார்கள். போன காரியம் மாறியதா, போகச் சொன்னவர்கள் கைவிட்டார்களா என்று இன்றும் வாதம் உண்டு. பத்திரத்தை நம்பிப் போன ஒரு விமானியை அந்த நிலையில் வைத்துப் பாருங்கள்.

கூட இருந்தே குழிபறிப்பவர்களை எப்படி எழுதுவது?

அவசரமே படாமல். துரோகி முதல் காட்சியிலிருந்தே கள்ளப் பார்வை பார்த்தால் வாசகர் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடுவார். உண்மையிலேயே நண்பராக இருப்பவர், உண்மையிலேயே வேறு வழியில்லாமல் செய்யட்டும். ஸ்டார் வார்ஸின் 1980-ம் வருடப் படத்தில் லேண்டோ தன் பழைய நண்பன் ஹானைக் காட்டிக்கொடுப்பது இன்றும் வலிக்கிறது. அவன் தலைமையில் ஒரு நகரமே இருக்கிறது, பேரரசு ஏற்கனவே வாசலுக்கு வந்துவிட்டது. அவன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குள் கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வி எழாத துரோகத்தை எழுதவே வேண்டாம்.

கலத்துக்குள் துரோகி வேண்டுமென்றால் இஞ்சின் பார்ப்பவரை யோசியுங்கள். வழித்தடம் தெரிந்தவர் விமானி, ஆனால் கலம் நகருமா நகராதா என்பது இன்னொருவர் கையில்.

ஆள் இல்லாத எதிரி உண்டா?

உண்டு, வரிக்குறைப்பு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 18-ம் நூற்றாண்டு பிரிட்டனில் தேயிலைக்கு ஏகப்பட்ட வரி. கடற்கரை முழுக்கக் கள்ளத்தேயிலை இறங்கியது, சுங்கப் படகுகளும் வீரர்களும் தடுக்கத் திணறினார்கள். 1784-ல் அரசாங்கம் அந்த வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாக இறக்கியது. துப்பாக்கியால் முடியாததை ஒரு சட்டம் செய்தது. கள்ளத்தேயிலையில் லாபமே இல்லாமல் போனது.

ஒரு காலை விமானி எழுந்து பார்க்கிறான். அவன் உயிரைப் பணயம் வைத்து ஓட்டிய மருந்துக்கு இனி வரி இல்லை. நோயாளிகளுக்கு அது நல்ல செய்தி, அவன் கடனுக்குக் கெட்ட செய்தி. இதைவிடச் சிக்கலான ஒரு எதிரியை நான் கண்டதில்லை. யாரைச் சுடுவான்?

கதையில் எல்லோரும் மறந்துவிடும் பகைவர் யார்?

சரக்கால் பாதிக்கப்பட்டவர். எனக்கு மிக முக்கியமான பதில் இது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கடத்தல் விமானியை நாம் நேசிக்கிறோம். அவன் அரசை ஏமாற்றும்போது கைதட்டுகிறோம். ஆனால் அவன் ஏற்றிப்போன பெட்டிகள் எங்கோ இறங்கின. மூன்று வருடம் முன்பு 'உள்ளே என்ன என்று கேட்காதே' என்று சொன்ன பெட்டிக்குள் துப்பாக்கிகள் இருந்திருக்கலாம், கெட்டுப்போன தடுப்பூசி இருந்திருக்கலாம். அது இறங்கிய நிலவில் ஒரு செவிலியர் இருந்திருப்பார். அவர் கலத்தின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து வந்து நிற்கட்டும். கையில் ஆயுதம் வேண்டாம், ஒரு பெயர்ப்பட்டியல் போதும்.

பகடை விளையாட்டில் ஒருமுறை இப்படி ஒருவரைக் கொண்டுவந்தேன். அதுவரை எல்லா எதிரிகளையும் சுட்டுத்தள்ளிய நண்பர்கள் அன்று ஆயுதத்தைத் தொடவே இல்லை. விமானியாக விளையாடியவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அந்தப் பட்டியலை எனக்கு வாசித்துக் காட்டுங்கள்' என்றார். அந்த மேசையில் நான் கேட்ட மிக நல்ல வசனம் அதுதான்.

எதிரிகள் விமானியிடம் எப்படிப் பேச வேண்டும்?

நீ, நீங்கள் என்ற இரண்டு சொல் நம் கையில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். போட்டியாளர் 'வாடா, இன்னும் அந்த ஓட்டைக் கலம் ஓடுதா?' என்று கேட்கலாம். அதில் பிரியம் இருக்கும். கடன் கொடுத்தவர் எப்போதும் 'நீங்க' என்றுதான் பேசுவார், 'சாப்பிட்டீங்களா' என்றுகூடக் கேட்பார். ஒருநாள் திடீரென்று 'நீ' என்று இறங்கினால் அறையே உறைந்துவிடும். சுங்க அதிகாரி முழு மரியாதையோடு முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும்.

ஒரே கதையில் எத்தனை பகைவர்கள் இருக்கலாம்?

சிறுகதைக்கு ஒருவர். நாவலுக்கு மூன்று பேர், அவர்களில் இருவருக்குள்ளேயே ஆகாமல் இருக்க வேண்டும். கடன்காரருக்கு விமானி உயிரோடு வேண்டும், ரோந்துக்குச் சிறையில் வேண்டும் என்றால், இருவரின் நடுவில் அவன் நழுவிப்போக ஒரு சந்து கிடைக்கும்.

கடைசியில் எதிரி சாக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. பகை அப்படியே திரும்பி நட்பானதும் உண்டு. மெக்சிகோ வளைகுடாவில் கள்ளச்சரக்கு இறக்கிய ஜான் லஃபீட் தலைக்கு 1813-ல் லூசியானா ஆளுநர் 500 டாலர் அறிவித்தார். அடுத்த வருடம், அமெரிக்காவோடு போரில் இருந்த பிரிட்டிஷ் கடற்படை அவரைத் தங்கள் பக்கம் இழுக்கப் பார்த்தது. அவர் அந்தச் செய்தியை அமெரிக்கர்களிடம் சொன்னார். 1815 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் போரில் அவருடைய ஆட்கள் அமெரிக்கப் படையோடு சேர்ந்து பீரங்கி இயக்கினார்கள். பிப்ரவரியில் அதிபர் மாடிசன் மன்னிப்பு வழங்கினார். அதற்குப் பிறகும் லஃபீட் பழைய தொழிலுக்கே திரும்பிப் போனார், இந்த முறை டெக்சாஸ் கரையோரத்தில் உள்ள கால்வெஸ்டன் தீவில்.

உங்கள் விமானிக்கும் ஒரு மன்னிப்புக் கடிதம் வரட்டும். அதை அவன் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, அடுத்த சரக்குக்கு விலை பேசப் போகட்டும். துறைமுகத்தில் அதே சுங்க அதிகாரி கையில் சீட்டோடு நின்றுகொண்டிருப்பார்.